மச்சினி வீட்டு லினக்ஸ்

ஜூமாகாதிருக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவன் ஏசென். அடுத்தது சோனுன். நடுவில் இரண்டு பையன்கள், ரஷ்யாவுக்குப் பிழைக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள், அவர்களை விடுங்கள். கடைக்குட்டி ஜிபாரா. எங்கள் தலாஸ் பள்ளத்தாக்கில் அந்தக் குடும்பத்தைத் தெரியாதவர்கள் குறைவு. தெரியாதவர்களுக்கும் ஜிபாராவின் வாத்துக் கதை தெரிந்திருக்கும்.

அவளுக்கு ஏழு வயது இருக்கும். பக்கத்து வீட்டு வாத்து தெருவில் துரத்திவந்து அவள் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. மற்ற பிள்ளை என்றால் அழுதுவிட்டு மறந்துபோகும். ஜிபாரா அழவில்லை. குளிர் தொடங்கி வாத்து அறுக்கும் காலம்வரை பேசாமல் இருந்தாள். அறுக்கும் நாளில் அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். "நான் இறகு பிடுங்கித் தரேன் பெரியம்மா" என்று உட்கார்ந்து, ஓர் இறகு விடாமல் பிடுங்கினாள். கூலி என்ன வேண்டும் என்றதற்கு இறகையே கேட்டாள். அதில் தைத்த தலையணையில்தான் கல்யாணமாகிப் போகும்வரை தூங்கினாள். "இவளைக் கட்டிக்கிறவன் கொஞ்சம் பாத்து நடந்துக்கணும்" என்று ஜூமாகாதிர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

கட்டிக்கொண்டவன் எர்மெக். லாரி ஓட்டுகிறவன், ஒருவர் வம்புக்கும் போகாதவன். அவனால் ஒரு தொல்லையும் வரவில்லை. தொல்லை சோனுனின் புருஷன் தூலாத் வழியாக வந்தது.

தூலாத்தைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. தாராளமான கை, அதைவிடத் தாராளமான வாய். சந்தையில் செருப்புக் கடைக்கும் போன் கடைக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பழுது பார்ப்பான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. எந்த நோயோடு வந்தாலும் கோட்டுப் பையிலிருந்து ஒரு சிடியை எடுப்பான், உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு விண்டோஸை மறுபடி போடுவான். விண்டோஸ் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. அந்த சிடிதான் எவனோ திருட்டு நகல் எடுத்தது, அதற்குள் என்னென்ன பூச்சி குடியிருந்ததோ. குளிருக்குப் போட்டால் வெயிலுக்குப் படுத்துக்கொள்ளும். மறுபடி அவனைத்தான் கூப்பிட வேண்டும். ஊரில் வேறு ஆள் கிடையாது.

ஜிபாரா வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு வருஷத்து பீன்ஸ் விளைச்சலில் வாங்கியது. அவள் பீன்ஸ் கிடங்கில் எடை போடும் வேலையில் இருந்தாள். விருந்து வைக்கிற வீடுகளுக்கு அழைப்பிதழ் அடித்துத் தருவாள், பழைய போட்டோக்களைக் கோத்துப் பாட்டுப் போட்டுப் படம் ஆக்கித் தருவாள். தூலாத் அதைச் சரிசெய்ய வரும் நாளெல்லாம் அவள் வீட்டில் ஆடு வெந்தது. மாப்பிள்ளைக்கு உரிய நெஞ்சுக்கறியைத் தட்டில் வைத்து அவன் முன்னால் நீட்டுவாள்.

"என்ன மச்சினி, போன தடவை வச்ச துண்டு பெருசா இருந்துச்சு. ஆடு இளைச்சுப்போச்சா, உன் மனசு இளைச்சுப்போச்சா?"

"உங்க வேலை இளைச்சுப்போச்சு அத்தான். அதுக்குத் தக்க கறி."

எல்லாரும் சிரிப்பார்கள். அக்காள் புருஷனும் மச்சினியும் எப்படி வேண்டுமானாலும் கேலி பேசிக்கொள்ளலாம், எங்கள் பக்கத்து வழக்கம் அது. கோபித்துக்கொள்ளத்தான் கூடாது. யார் கோபித்துக்கொள்கிறாரோ அவருக்குத்தான் கேவலம்.

ஜூமாகாதிர் சாவதற்கு முந்தின வசந்தத்தில், ஜிபாராவின் மகள் முதல் அடி எடுத்து வைத்த விருந்துக்கு வந்திருந்தார். வழக்கப்படி குழந்தையின் காலில் கட்டிய கயிற்றை வெட்டியதும் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்தவர், நிறுத்தவில்லை. ஏழு தலைமுறைப் பாட்டன்களைச் சொன்னார், ஏழுக்கும் மேலே போனார். யார் எந்த மேய்ச்சலுக்காக யாரோடு சண்டை போட்டான், எவள் எந்தக் கணவாய் தாண்டி மருமகளாக வந்தாள் என்று எல்லாம் வந்தது. ஜிபாரா கேமராவை ஓடவிட்டு விலகி உட்கார்ந்திருந்தாள். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்தாள். அவர் குரல் உலகத்தில் இருந்தது அந்த ஓர் இடத்தில்தான். அந்த இலையுதிர் காலத்திலேயே அவர் போய்விட்டார்.

நாற்பதாம் நாள் சாப்பாட்டின்போது ஏசென் சொன்னான். "வருஷ விருந்துக்கு முற்றத்துல பெரிய திரை கட்டுவோம். அப்பா பேசறதை ஜனமெல்லாம் கேக்கட்டும். ஜிபாரா, அது உன் பொறுப்பு."

குளிர்காலத்தில் கம்ப்யூட்டர் வழக்கம்போல் படுத்துக்கொண்டது. தூலாத் வந்தான், சாப்பிட்டான், சிடியைப் போட்டான்.

"அத்தான், அப்பா படம் உள்ள இருக்கு. ஜாக்கிரதை."

"எல்லாத்தையும் எடுத்து ஓரமா வச்சுட்டேன் மச்சினி. டிஸ்க் உள்ள ரெண்டு அறையா இருந்ததை ஒரே கூடமா ஆக்கிட்டேன். இனிமே தாராளமா ஓடும். நீ பாட்டுக்குப் பயன்படுத்து."

அவளும் பயன்படுத்தினாள். எர்மெக் படம் இறக்கினான், பாட்டு இறக்கினான். வசந்தப் புத்தாண்டான நவ்ரோஸ் நெருங்கும்போது, விருந்துக்குத் தயார் செய்யலாம் என்று அப்பாவைத் தேடினாள். இல்லை. எந்த ஓரத்திலும் இல்லை.

நவ்ரோஸ் அன்று எல்லாரும் ஏசென் வீட்டில் கூடியிருந்தார்கள். அம்மா இருந்தாள், சித்தப்பா பெரியப்பா வகையறா முழுக்க இருந்தது. ஏசென் எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டான். "படம் தயாரா?"

ஜிபாரா தூலாத்தைப் பார்த்தாள். "அத்தானைத்தான் கேக்கணும். அவர் கை வச்சதுக்கப்புறம் காணோம்."

தூலாத் ஒரு நொடி யோசித்தான். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தான்.

"பாத்தீங்களா பெரியவங்களே! நான் எடுத்து வச்சுட்டு வந்தேன். மகராசி சீட்டாட்டம் இறக்கறேன், சீரியல் இறக்கறேன்னு அப்பாவையே தூக்கிக் குப்பையில போட்டுட்டா. இப்ப அத்தான் தலையில கட்டறா. கழுதைக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தா இப்படித்தான்!"

கூட்டம் சிரித்தது. மச்சினியைக் கேலி செய்கிறான், சிரிக்காமல் என்ன செய்யும்? ஜிபாராவுக்கு முகம் எரிந்தது. "பொய்!" என்று எழுந்து கத்தினாள். கத்தியதுதான் தப்பாகிப்போனது. கேலிக்குக் கோபித்துக்கொண்டவள் ஆனாள். சிரிப்பு அடங்கிய இடத்தில் நம்பிக்கை வந்து உட்கார்ந்துகொண்டது. குற்றமில்லாதவள் எதற்கு இப்படிக் கத்துகிறாள் என்று ஒரு பெரியம்மா பக்கத்தில் இருந்தவள் காதில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

அம்மா அவள் ஊற்றிய தேநீரைத் தொடவில்லை.

கிளம்பும்போது ஏசென் வாசலில் நிறுத்திச் சொன்னான். "வருஷ விருந்தன்னிக்கு நீ அடுப்புப் பக்கம் இரு. கூடாரத்துக்குள்ள ஒப்பாரிக்கு உக்கார வேண்டாம்."

"நான் மக இல்லையா அண்ணே?"

"அப்பா குரலைத் தின்னவ அப்பாவுக்கு என்ன குரல் கொடுப்ப?"

வருஷ விருந்தில் மகள்கள் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை அழுது பாடிவிட்டுக் கறுப்புத் துணியைக் களைவார்கள். அதற்கு அழைக்கப்படாத மகளைப் பள்ளத்தாக்கு மகளென்று எண்ணாது. அவள் பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்கப் பெண் எடுக்க வரும்போதுகூட அந்தப் பேச்சு முன்னால் வந்து நிற்கும். ஜிபாரா எர்மெக்கோடு வீட்டுக்குக் கிளம்பினாள். வந்ததும் சொன்னாள்.

"இந்த வீட்டுல இனிமே அவன் சிடி நுழையக் கூடாது."

"அப்ப கம்ப்யூட்டர் படுத்தா யாரைக் கூப்பிடறது?"

"யாரையும் கூப்பிட வேண்டாம்."

இணையத்துக்கு மோடம் குச்சியைச் செருகி, தெரிந்த ரஷ்ய மொழியில், அழிந்த படத்தை மீட்பது எப்படி என்று எழுதித் தேடினாள். தேடிப்போனதில் ஒரு கூட்டத்தில் போய் மாட்டிக்கொண்டாள். விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸுக்குப் போனவர்கள் பேசிக்கொள்ளும் இடம். அங்கே கரகந்தாவிலிருந்து ஓர் ஆள், கிழட்டுக் கரடி என்று பேர் வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களையெல்லாம் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். ஜிபாரா நடந்ததை எழுதினாள். கரடியிடமிருந்து பதில் வந்தது.

"முதல்ல அந்தக் கம்ப்யூட்டரை அணை. நீ இதைப் படிச்சுக்கிட்டிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் உங்கப்பா மேல மண்ணைத் தள்ளிக்கிட்டிருக்க. அழிச்சது உடனே போயிடாது. அது மேல வேற எதையாவது எழுதினாத்தான் போகும். டிஸ்க்கைத் தொடாம, வெளிய இருந்து ஓடற சிஸ்டம் வேணும். லினக்ஸை ஒரு பென் டிரைவ் குச்சியில ஏத்து. எப்படின்னு என்னைக் கேக்காதே, மேலே எழுதி வச்சிருக்கேன், படி."

அவள் அணைத்தாள். கிடங்கில் கணக்கெழுதும் பெண்ணின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து லினக்ஸை இறக்கிக் குச்சியில் ஏற்றினாள். முதல் முறை ஏற்றியது ஓடவில்லை, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிசையாக ஓடி நின்றுவிட்டது. வீட்டுத் தரை முழுவதையும் தேய்த்துக் கழுவிவிட்டு, மறுநாள் கிடங்குக்குப் போய் மறுபடி ஏற்றினாள். இரண்டாம் முறை திரை திறந்தது. கீழே இருந்த பட்டை மேலே இருந்தது, பழகின பொத்தான் ஒன்றும் காணோம். ஆனால் தூலாத்தின் கை படாத இடம் அது. அதனாலேயே அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

மீட்கும் நிரலை ஓடவிட்டாள். டிஸ்க்கை அது கிளறிக்கொண்டே இருந்தது. அவள் மாவு பிசைந்தாள், ரொட்டி சுட்டாள், போய்ப் போய்ப் பார்த்தாள். பேரில்லாத துண்டுகளாக ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தாள். எர்மெக் இறக்கின படங்களின் துண்டு, யார் வீட்டுக் கல்யாணத்தின் துண்டு. கடைசியில் அப்பா. மூன்று நொடி. சாம்பல் கட்டம் கட்டமாகப் பாதி முகம் மறைந்திருந்தது. கை விரிகிறது, வாய் திறக்கிறது. சத்தம் இல்லை. அதோடு உறைந்து நின்றுவிடுகிறது.

போனிலிருந்து கரடிக்கு எழுதினாள். அந்த முறை அவர் கடிக்கவில்லை.

"மகளே, அன்னிக்கே அணைச்சு வச்சிருந்தா முழுசும் வந்திருக்கும். ஒரு குளிர்காலம் பூரா அது மேல படமும் பாட்டும் எழுதியிருக்கீங்க. தாராளமா பயன்படுத்துன்னு உனக்கு எவன் சொன்னான்?"

அதைப் படித்தபோது அடுப்பில் ரொட்டி கருகியது. அவள் எழுந்து போகவில்லை. தூலாத் அழித்தது கவனக்குறைவு. கை தவறிப்போயிற்று, அவமானத்துக்குப் பயந்தான் என்றுகூட மன்னித்திருப்பாள். ஆனால் அன்றைக்கே "போச்சு மச்சினி, தொடாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா திரும்பி வந்திருப்பார். தன் வாயைக் காப்பாற்றிக்கொள்ள அவரை இரண்டாவது தடவை புதைத்துவிட்டான், புதைத்த மண்வெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனான். அன்றைக்கு அவள் முடிவு செய்தாள். படம் போனது போனதுதான். தூலாத்தை விடுவதில்லை.

விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸையே வீட்டுக் கம்ப்யூட்டரில் நிரந்தரமாகப் போட்டாள். எர்மெக் நீண்ட பயணம் முடிந்து வந்து அதன் முன் உட்கார்ந்தான்.

"ஏய், என் சீட்டாட்டம் எங்க?"

"இந்தப் பக்கம் இருக்கு. வேற மாதிரி சீட்டு."

"ஆட்டின் ஜாக்கி மூஞ்சி மாறிப்போச்சே. ராஜாவை யாருன்னே தெரியல. இந்த அம்புக்குறி வேற பனிக்கட்டி மேல வழுக்கற ஆடு மாதிரி ஓடுது."

"பழகிக்கங்க. நான் உங்க அம்மா கூடப் பழகிக்கலையா?"

எர்மெக் பழகிக்கொண்டான். மோடம் அதில் ஓட மறுத்தது. கரடியிடம் திட்டு வாங்கி வாங்கி ஓடவைத்தாள். பிரிண்டர் எழுத்தைத் தலைகீழாக அடித்தது, அதையும் வழிக்குக் கொண்டுவந்தாள். எங்கள் மொழிக்கே உரிய எழுத்துகள் தூலாத்தின் சிடியில் ஒருநாளும் வந்ததில்லை. இதில் அவை ஒழுங்காக வந்தன, அழைப்பிதழ்கள் அழகாயின. வசந்தம் போய்க் கோடை வந்தது, பீன்ஸ் பூத்தது. கம்ப்யூட்டர் ஒரு நாள்கூடப் படுத்துக்கொள்ளவில்லை. தூலாத் வழியில் பார்த்தால் கேட்பான். "என்ன மச்சினி, மருந்து வேண்டாமா?" அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். "வேணும்போது கூப்பிடறேன் அத்தான். நெஞ்சுக்கறி எடுத்து வச்சிருக்கேன்."

பீன்ஸ் அறுவடை முடிந்து, வருஷ விருந்துக்கு ஏற்பாடு பேச எல்லாரையும் தன் வீட்டுக்கு அழைத்தாள். மற்ற வீட்டுக்காரர்கள் தயங்கினாலும், அப்பாவின் பழைய போட்டோக்களைச் சொந்தக்காரர்களிடம் வாங்கிச் சேர்த்திருக்கிறாள், டிவியில் காட்டப்போகிறாள் என்றதும் அம்மாவே கிளம்பிவிட்டாள். ஏசெனும் அவன் மனைவியும் வந்தார்கள். சோனுனும் தூலாத்தும் வந்தார்கள்.

அவர்கள் வருவதற்கு முன்பே ஜிபாரா கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைத் திறந்து, தன் டிஸ்க்கைக் கழற்றி மாவுப் பானைக்குள் வைத்துவிட்டாள். கிடங்கில் கழித்துப்போட்ட பழைய டிஸ்க் ஒன்றில் அதே லினக்ஸையும் போட்டோக்களின் நகலையும் போட்டு உள்ளே மாட்டினாள். எர்மெக் தாடியைச் சொறிந்துகொண்டு பார்த்தான்.

"எதுக்கு இது?"

"வாத்து வருது."

சாப்பாடு முடிந்தது. நெஞ்சுக்கறி தூலாத்துக்குப் போயிற்று. டிவியில் கம்ப்யூட்டர் திரை பெரிதாகத் தெரிந்தது. ஜிபாரா மவுஸை இரண்டு தடவை அசைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"அத்தான், கொஞ்சம் பாருங்களேன். அப்பா போட்டோவைக் காட்டணும்."

தூலாத் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். திரையைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது ஒன்றும் அதில் இல்லை. அங்கே அழுத்தினான், இங்கே அழுத்தினான். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தாள், மச்சான் பார்த்துக்கொண்டிருந்தான், பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். இது என்ன, எனக்குப் புரியவில்லையே என்று கேட்டிருந்தால் அவன் அன்றைக்குத் தப்பித்திருப்பான். ஜிபாராவும் அதற்கு நேரம் கொடுத்தாள்.

"வைரஸ்" என்றான் தூலாத். "முத்திப்போன வைரஸ். மொத்த மூஞ்சியையும் மாத்திடுச்சு. ஆறு மாசம் என்னைக் கூப்பிடாம இருந்த பாரு, அதான்."

"ஐயையோ. உள்ள அப்பா போட்டோ இருக்கே அத்தான்?"

"ஒண்ணும் ஆகாது."

"நெசமாவா? போயிடாதே?"

"யார்கிட்ட கேக்கற? எடுத்து ஓரமா வச்சுட்டுத்தான் போடுவேன்." கோட்டுப் பைக்குள் கை போயிற்று. சிடி வந்தது.

டிவியில் நீலத் திரை வந்தது. வரிசையாகக் கேள்வி கேட்டது. தூலாத்தின் விரல் திரையைப் பார்க்காமலே அழுத்திக்கொண்டு போயிற்று. அவன் முகத்தைத் திருப்பி எர்மெக்கிடம் குதிரை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். ஏசென் ராணுவத்தில் ரஷ்ய மொழி படித்தவன். டிவியில் பெரிதாகத் தெரிந்ததை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தான்.

"இந்த டிஸ்க்கில் உள்ள எல்லாம் அழிந்துவிடும்... மாப்ள, எல்லாம் அழிஞ்சிடும்னு போட்டிருக்கே?"

"அது சும்மா. எப்பவும் அப்படித்தான் கேக்கும்." அழுத்தினான்.

ஏசென் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "எப்பவும் கேக்குமா?"

"எப்பவும்."

"நீங்களும் எப்பவும் அழுத்துவீங்களா?"

தூலாத்தின் விரல் நின்றது. டிவியில் மஞ்சள் பட்டை மட்டும் வளர்ந்துகொண்டு போயிற்று. அம்மாவுக்கு ரஷ்ய எழுத்து வராது. அவள் மெதுவாகக் கேட்டாள். "என் புருஷன் போட்டோவைக் காட்டறேன்னு சொன்னீங்களே. எங்க?"

"அதை அத்தான் ஓரமா எடுத்து வச்சிருக்கார்மா" என்றாள் ஜிபாரா. "கேளுங்க, எந்த ஓரம்னு. எனக்குத்தான் போன தடவை கிடைக்கல."

யாரும் சிரிக்கவில்லை.

அவள் மாவுப் பானையிலிருந்து தன் டிஸ்க்கை எடுத்துவந்து, மாவைத் தட்டிவிட்டு, எல்லாரும் பார்க்கப் பழையதைக் கழற்றி அதை மாட்டினாள். தூலாத் வைரஸ் என்ற அதே திரை வந்தது. அவள் கை அதில் தயங்காமல் ஓடிற்று. போட்டோக்கள் வந்தன. ஜூமாகாதிர் குதிரைமேல், பீன்ஸ் வயலில், மகனின் ராணுவத் தொப்பியை வைத்துக்கொண்டு. கடைசியாக அந்த மூன்று நொடி. கை விரிந்தது, வாய் திறந்தது. அம்மா முன்னால் குனிந்து காதைக் கொண்டுபோனாள்.

"சத்தம் வரலையே?"

"வராதும்மா. அன்னிக்கே உண்மையைச் சொல்லியிருந்தா வந்திருக்கும்." கரடி சொன்னதை அப்படியே சொன்னாள். அம்மா திரைக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை.

தூலாத் தொண்டையைச் செருமினான். "மச்சினி பெரிய விளையாட்டுக்காரி. நல்லா மாட்டி வச்சுட்டா என்னை!" அவன் சிரிப்பு ஏசெனின் முகத்தில் போய் முட்டி நின்றுவிட்டது.

ஏசென் ஜிபாராவை முற்றத்துக்கு அழைத்துப் போனான். "நான் தப்பாப் பேசிட்டேன். நீ வந்து கூடாரத்துல உக்காரு. ஆனா இது இந்த வீட்டோட போகட்டும். நம்ம வீட்டு மாப்பிள்ளை அவன். சோனுன் முகத்துக்காகவாவது வெளியில பேசாதே."

"என் பேரு வெளியிலதானே அண்ணே போச்சு?"

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற? வீடு வீடாப் போய்ச் சொல்லவா?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்."

சோனுன் கிளம்பும்போது தங்கையின் கையைப் பிடித்தாள். "போதும்டி. ஒரு வாரத்துக்கு அவர் சோறு இறங்காம இருக்கப்போறார். விட்டுடு." ஜிபாரா அவள் முக்காட்டைச் சரிசெய்துவிட்டாள்.

வருஷ விருந்து நாள் காற்றோடு விடிந்தது. குதிரை அறுத்து அண்டாக்களில் வெந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கம்பளிக் கூடாரத்துக்குள் அம்மா, சோனுன், ஜிபாரா, ஏசென் மனைவி எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஆண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், தலைநகர் பிஷ்கெக்கிலிருந்துகூட வந்திருந்தார்கள். மருமகன்களின் வேலை விருந்தாளிகளின் கைக்குத் தண்ணீர் ஊற்றுவது. தூலாத் தோளில் துண்டோடு, ஒரு கையில் கெண்டியும் மறு கையில் தாம்பாளமுமாகக் கூடாரத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். வரவேற்பும் நகைச்சுவையுமாக இருந்தான், பழைய தூலாத்தாகவே.

கூடாரத்தில் ஒப்பாரி எடுத்த பெண்ணை இடையில் நிறுத்த ஒருவருக்கும் உரிமை கிடையாது. அண்ணனுக்கில்லை, ஊர்ப் பெரியவருக்கில்லை, முல்லாவுக்கும் இல்லை. அழுகிறவள் என்ன சொன்னாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். முதலில் அம்மா பாடினாள். அடுத்து சோனுன். ஜிபாராவின் முறை வந்தது. இத்தனை நாள் எடை போடும் இடத்தில் கத்திக் கத்திப் பழகிய குரல் அது, கம்பளிச் சுவரைத் தாண்டிப் போயிற்று.

"வெள்ளைக் குதிரை ஏறிவந்த என் அப்பா
வெயில் சாயும் முன்னே எங்க போன என் அப்பா
ஏழு தலைமுறையை எடுத்துச் சொன்ன வாயை
என் வீட்டுப் பெட்டிக்குள்ளே வச்சிருந்தேன் என் அப்பா.

நெஞ்சுக்கறி தின்ன கை நெய் காயும் முன்னாலே
உன் பேச்சை அழிச்ச கை யார் கையி என் அப்பா?
மூத்த மருமகன் தூலாத்து கை என் அப்பா
மூடி வச்ச பழியெல்லாம் என் தலையில என் அப்பா.

தொடாதேன்னு ஒரு சொல்லு சொன்னானா என் அப்பா
தோண்டி உன்ன எடுத்திருப்பேன் முழுசாக என் அப்பா
சிரிச்சான், சபை சிரிக்கச் சிரிச்சான் என் அப்பா
செத்தவன் வாயடைச்சுச் சிரிச்சான் என் அப்பா."

வெளியே பேச்சு நின்றுபோயிற்று. தூலாத் அப்போது தலாஸ் நகரத்திலிருந்து வந்த சம்பந்தி வீட்டுப் பெரியவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கெண்டியை நிமிர்த்த மறந்துவிட்டான். தண்ணீர் பெரியவரின் கையை நிரப்பி, சட்டைக் கையை நனைத்து, பூட்ஸ்மேல் விழுந்தது. "மாப்ள, நீ தூலாத்துதானே?" என்றார் பெரியவர். அந்தக் கூட்டத்தில் அவன் பேர் தெரியாமல் இருந்தவர்களுக்கும் அப்போது தெரிந்துபோயிற்று.

ஏசென் துக்க வீட்டு மகன் பிடிக்கும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். உள்ளே போய் நிறுத்த முடியாது. ஜிபாரா மூச்சு வாங்குவதற்குள், யாரும் எதிர்பாராமல், அம்மாவே அடுத்த அடியை எடுத்தாள். மகள் விட்ட இடத்திலிருந்து, தூலாத்தின் பேரிலிருந்து எடுத்தாள். முதல் அடியைவிட இரண்டாவது அடி கொடுமையாக இருந்தது. அதை இங்கே சொல்லப்போவதில்லை, கிழவி இன்னும் உயிரோடிருக்கிறாள்.

இரண்டாவது சுற்றில் சோனுன் பாட மறுத்துவிட்டாள். அவள் முறை வந்தபோது முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு சும்மா இருந்தாள். கறுப்பு களையும்போது தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"அவரை வெட்டறேன்னு என்னையும் சேத்து வெட்டிட்டடி."

"தெரியும்கா" என்றாள் ஜிபாரா.

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

சோனுன் எழுந்து அண்டாப் பக்கம் போனாள். இரண்டு வருஷம் தங்கையின் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

பெண்களுக்குச் சாப்பாடு வந்தது. அதற்கு முன் தண்ணீர் வர வேண்டும். பங்காளி வீட்டு மருமகன்கள் தூலாத்தை உள்ளே தள்ளிவிட்டார்கள். இந்த வீட்டுக்கு மூத்தவன் அவன்தான், மாமியாரிடமிருந்து தொடங்கும் உரிமையும் அவனுடையது. அவன் தாம்பாளத்தோடு முழங்காலிட்டு வரிசையாக வந்தான். அம்மா விரல் நுனியை நனைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்தது ஜிபாரா. அவள் இரண்டு கையையும் நீட்டினாள். அவன் ஊற்றினான். அவள் ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள், நகக்கண்களைத் தேய்த்தாள், மணிக்கட்டைத் தேய்த்தாள், மறுபடி முதல் விரலுக்கு வந்தாள். வரிசையில் இருந்த பெண்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. கெண்டி காலியாயிற்று.

"தண்ணி தீந்துபோச்சு அத்தான்" என்றாள்.

தூலாத் எழுந்து, கூட்டத்தை வகிர்ந்துகொண்டு, அத்தனை பேர் பார்க்க, தண்ணீர் மொள்ளப் போனான். ஜிபாரா ஈரக் கையைத் தாம்பாளத்துக்கு மேலே நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.